தேர்வு என்று எழுதின தட்டு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நலம். முதுகு மட்டும் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? அத்தான் எப்படி இருக்கிறார்? அவர் பக்கவாதம் வந்து படுத்தபோது ஒரு மணி நேரம் வந்து ஜெபித்துவிட்டுப் போனவன், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. கன்வென்ஷன் கூட்டங்கள் முடியட்டும், வந்துவிடுகிறேன்.

இங்கே ஒரு வம்பில் மாட்டியிருக்கிறேன். அக்டோபரில் நம் ஜெப ஊழியத்துக்கு இருபத்தைந்து வருஷம். அதற்காக நிர்வாகக் குழு ஓர் ஆலோசகரை வரவழைத்திருக்கிறது. கோட்டுப் போட்ட மனிதர். முதல் நாளே என்னிடம், "ஐயா, உங்க ஊழியம் எதுக்காக இருக்கு? ஒரே வரியில சொல்லுங்க, கேட்போம்" என்றார். நான் நாற்பது நிமிஷம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த வரி இன்னும் வரலையே ஐயா" என்றார்.

செப்டம்பருக்குள் அந்த வரியை எழுதித் தர வேண்டும். எதை வளர்ப்பது, எதை மூடுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். பள்ளிக்கூடம், தொலைக்காட்சி நிகழ்ச்சி, பயிற்சி நிலையம், கடித அறை, எல்லாம் என் ஒரு வரியில் தொங்குகிறது. உன் சமையலறை மேசையில் ஜெபம் கேட்டு வந்த ஆறு கடிதங்களை வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்த நாளில் யாரும் இப்படிக் கேட்கவில்லை. நீ வாசித்தாய், நான் ஜெபித்தேன், நீ பதில் எழுதினாய். அவ்வளவுதான்.

என் முதல் முயற்சி: "மனுக்குலம் முழுவதும் ஒளியின் பாதையில் காணப்போகும் மாபெரும் மறுமலர்ச்சி." பத்துக்கு எத்தனை மார்க், டீச்சர்?

களைப்போடும் அன்போடும்,
உன் தம்பி


ஜனவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். உன் அத்தானும் நலம். எதைக் கேட்டாலும் வேண்டாம் என்கிறார், முன்னைப் போலத்தான்.

பத்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் கையெழுத்துக்கு. யார், யாருக்கு, என்ன செய்கிறார்கள் என்று இந்த வரியில் எங்கேயாவது இருக்கிறதா? ஆறாம் வகுப்புப் பையன் இப்படி எழுதியிருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்து, "என்னப்பா சொல்ல வர்ற?" என்று கேட்டிருப்பேன். நீ ஆயிரம் பேர் முன்னால் பேசுகிறவன், உன்னை யார் உட்கார வைப்பது?

ஒன்று கேட்க வேண்டும். அங்கே வருகிற கடிதங்களை இப்போது யார் வாசிக்கிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஆள் வைத்துக் கொடுக்காதே, நீயே கொடு.

உன் அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம் என்று அறிந்து ஸ்தோத்திரம்.

கடித அறையைப் பற்றிக் கேட்டாயே, நீ பார்த்தால் அசந்துபோவாய். ஒரு நாளைக்கு நானூறு கடிதம் வருகிறது. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் மேற்பார்வைக்கு ஓர் அம்மா. முப்பது வருஷம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவர், அதனால் எல்லோருக்கும் அவர் தபாலம்மா. முதல் வரியில் கண்ணை ஓட்டினால் போதும், கடிதம் எந்தத் தட்டுக்கு என்று கை தானாகப் போய்விடும். வியாதி, வேலை, திருமணம், தேர்வு, நன்றி என்று வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த பதில் தயார். என் கையெழுத்துக்கு ரப்பர் முத்திரை செய்துவிட்டோம். இல்லையென்றால் கை கழன்றிருக்கும். காலை ஜெபத்தில் தட்டுகளின் மேல் கை வைத்து ஜெபிக்கிறேன். ஒரு கடிதம்கூட ஜெபம் இல்லாமல் போவதில்லை.

புது வரி: "ஜெபத்தின் வல்லமையால் தேசங்களின் முகத்தை மாற்றுவது." கொஞ்சம் இரக்கம் காட்டு.

உன் தம்பி


பிப்ரவரி 20

ஜெப ஊழியத்தாருக்கு ஸ்தோத்திரம்.

முப்பத்தொரு வருஷம் பரீட்சைத் தாள் திருத்தினவள் நான். எத்தனையோ பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். இப்போது என் தப்பை எழுதுகிறேன்.

என் கணவர் பதினான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். பேருந்து நடத்துநராக இருந்தவர். நாள் முழுக்கக் கத்தின வாய்க்கு இப்போது ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: வேண்டாம். சாப்பாடு கொடுத்தாலும் வேண்டாம், தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம், நான் அழுதாலும் வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை ஒரே காலையில் மூன்றாவது முறையாகப் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றார். அடித்துவிட்டேன். கன்னத்தில். உணர்ச்சி இல்லாத பக்கத்துக் கன்னம். வலிக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்தில் அடித்தேனா, அவரால் தடுக்க முடியாது என்று அடித்தேனா, எனக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் அடித்தேன்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வாயில் வசவுதான் வருகிறது. தெரிந்தவர்களிடம் சொல்ல வழியில்லை. என்னைப் பெரிய பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவர் எழுந்து நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மூன்றாம் முறை என் கை எழக் கூடாது. அதற்காக ஜெபியுங்கள்.

பெயர் எழுதவில்லை. பதிலுக்கான முகவரி உறையின் பின்பக்கம்.

ஒரு சகோதரி


மார்ச் 5
எண்: 11407 / தேர்வு

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரர் / சகோதரி ஒரு சகோதரி அவர்களுக்கு,

தாங்கள் அன்புடன் அனுப்பிய விண்ணப்பம் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தோம். தங்கள் பெயரைச் சொல்லி, தாங்கள் தேர்வில் சிறப்பான வெற்றி பெற ஊக்கமாக ஜெபித்தோம்.

தேர்வு எழுதுவோர் நேரத்தோடு உறங்கவும். நல்ல உணவு உண்ணவும். வினாத்தாளை ஒன்றுக்கு இரண்டு முறை முழுமையாக வாசித்த பின்னரே விடை எழுதவும்.

தேர்வு முடிவு வந்ததும் தங்கள் சாட்சியை எழுதி அனுப்ப மறவாதீர்கள்.

ஊழியத்தில் தங்கள் சகோதரன்,
(கையெழுத்து)
இயக்குநர்


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் அத்தான் நலம்.

உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் ஒழுங்காகப் போகிறது என்று தெரிந்துகொண்டேன். முத்திரையில் உன் கையெழுத்து நன்றாக விழுகிறது.

உன் இரண்டாவது வரிக்கு மார்க் போடவில்லை. இந்த வீட்டில் இருக்கிற ஒரு முகத்தை மாற்றவே எனக்கு வழி தெரியவில்லை, தேசங்களின் முகத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? பரீட்சைக் காலம் என்பதால் நேரத்தோடு தூங்கப் பார்க்கிறேன்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது, உடனே பதில் போடாததற்குத் திட்டாதே. ஏதோ கோபத்தில் இருக்கிறாய் என்று மட்டும் தெரிகிறது. பரீட்சைக் காலம் என்கிறாய், நீ ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிறது. டியூஷன் எடுக்கிறாயா? உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

என் கதையைக் கேள். ஈஸ்டர் ஆராதனையில் ஜெபிக்கக் கண்ணை மூடினேன், மேடையிலேயே தூங்கிவிட்டேன். நின்றபடியே. இரண்டு நிமிஷம் இருக்கும். விழித்துப் பார்த்தால் முன்வரிசையில் சிலர் அழுதுகொண்டிருக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு ஆழமான மௌனத்தை நான் கண்டதே இல்லை போதகரே" என்றார். சிரிப்பு வரவில்லை அக்கா. வெட்கமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை, தலையாட்டினேன்.

வரி இன்னும் வரவில்லை. பதினேழு எழுதிக் கிழித்துவிட்டேன். எதற்காக ஆரம்பித்தேன் என்று எனக்கே மறந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஆலோசகர் கடித அறையை மூடச் சொல்கிறார். கைப்பேசியில் எண்ணை அழுத்தினால் இயந்திரமே ஜெபத்தைப் பேசிவிடுமாம். "யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாங்க ஐயா" என்கிறார். சரி என்று தலையாட்டி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எனக்கு அது ஒன்றுதான் நன்றாக வருகிறது.

அத்தானை விசாரித்ததாகச் சொல். ஜூனில் கட்டாயம் வருகிறேன்.

உன் தம்பி


மே 26

ஊழியத்தாருக்கு,

தேர்வில் நான் வெற்றி பெற ஜெபித்ததற்கு நன்றி. நான் எந்தத் தேர்வும் எழுதவில்லை. பிப்ரவரி இருபதாம் தேதி எழுதின கடிதத்தைத் தயவுசெய்து எடுத்து வாசிக்கவும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் முறையும் ஆகிவிட்டது. இந்தத் தடவை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சகோதரி


ஜூலை 2

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களையும் இன்று வாசித்தேன். முதல் கடிதம் வந்து நான்கு மாதத்துக்கு மேல் ஆகிறது. இது அச்சடித்த பதில் இல்லை. மை ஒழுகும் பேனாவால் நானே எழுதுகிறேன், கறைக்கு மன்னிக்கவும்.

எப்படிக் கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். விழா மலரில் போடச் சாட்சிக் கடிதங்கள் வேண்டும் என்று 'நன்றி' தட்டை என் அறைக்கு எடுத்து வந்தார்கள். "பரீட்சையில பாஸ் ஆனவங்க எழுதினது, முதல் பக்கத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்று உங்கள் கடிதத்தை மேலே வைத்திருந்தார்கள். முதல் வரியில் நன்றி என்று இருந்தது அல்லவா? அதற்கு மேல் யாரும் வாசிக்கவில்லை. நான் முதல் வரியைக்கூட வாசிக்கவில்லை. எழுத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கும் ஓர் அக்கா உண்டு. அவளுக்கும் இதே கையெழுத்து.

நானே கடித அறைக்குப் போய்ப் பிப்ரவரிக் கட்டுகளைத் தேடினேன். 'தேர்வு' கட்டில் இருந்தது உங்கள் கடிதம். பரீட்சைத் தாள் என்று தொடங்கியிருந்தீர்கள், தபாலம்மாவின் கை தட்டுக்குப் போய்விட்டது. நான் வாசித்துக் காட்டியதும் அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என் கண்ணு அவிய, நான்தான் போட்டேன், என் கைதான் போட்டுது" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. தட்டு வைத்தவன் நான். முத்திரை செய்யச் சொன்னவன் நான். வாசிக்காத கடிதத்தின் மேல் கை வைத்துக் கண்ணை மூடினவனும் நான்தான். நீங்கள் அடித்தது ஒரு மனிதரை. நான் இத்தனை வருஷமாக எத்தனை பேரை அடித்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். பெயர் எனக்குத் தெரியும்.

என் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அவள் வரச் சொன்னால்.

உங்கள் சகோதரன்


ஜூலை 9

தம்பி,

முகமூடியை எடுத்துவிட்டு எழுது. நானும் எடுத்துவிட்டேன்.

பெயர் போடாமல் எழுதினேன், ஆனால் எழுத்தை மாற்றவில்லை. நீ வாசித்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். கண்டுபிடித்தால் மானம் போகும் என்று பயந்தேன். கண்டுபிடிக்க வேண்டும் என்றும் தவித்தேன். தினமும் தபால்காரன் வரும் நேரத்தில் வாசலில் நின்றேன், நான் அறுபத்து மூன்று வயதுக் கிழவி. கடைசியில் வந்தது, நல்ல உணவு உண்ணவும் என்று. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் உன் அத்தானே திரும்பிப் பார்த்தார். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன்னை எப்படித் திட்டினேன் என்று எழுதினால் காகிதம் தாங்காது.

நேராக உன்னிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எப்படிச் சொல்வது? மேடையில் நீ எத்தனை முறை என் பொறுமையை உதாரணம் காட்டியிருக்கிறாய்! உன் பிரசங்கத்தில் இருக்கிற அக்கா யாரையும் அடிக்க மாட்டாள்.

வா. பிரசங்கம் கொண்டுவராதே. கறைபட்டாலும் பரவாயில்லை என்கிற பழைய சட்டை நாலு கொண்டுவா. முதுகுவலி என்று சாக்குச் சொன்னால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. நீ நலமா? அத்தானின் முதுகுப் புண் ஆறுகிறதா? நாம் ஏற்பாடு செய்த ஆண் நர்ஸ் காலையும் மாலையும் ஒழுங்காக வருகிறாரா? அவர் வராத நாளில் மருத்துவமனைக்குப் போன் செய், இழுத்துப் போட்டுக்கொண்டு நீயே எல்லாம் செய்யாதே.

உன் வீட்டில் இருந்த ஐந்து வாரத்தில் நான் ஒரு வேலைதான் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன், ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பது. முதல் வாரம் அத்தான் என்னிடம் எத்தனை 'வேண்டாம்' சொன்னார்! நாலாவது நாள் நானும் கையை ஓங்கிவிட்டேன். நீ கதவருகில் நின்று பார்த்தாய், போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். அதை நான் மறக்க மாட்டேன்.

குழுக் கூட்டம் போன வாரம் முடிந்தது. வரி கொடுத்துவிட்டேன்: "வந்த கடிதத்தைக் கடைசி வரை வாசிப்போம், எழுதினவருக்காக ஜெபிப்போம், கையால் பதில் எழுதுவோம்." ஆலோசகர்தான் முதலில் பேசினார். "ஐயா, இது தரிசனம் இல்ல. இது ஒரு குமாஸ்தாவோட வேலை" என்றார். ஆமாம், அந்த வேலைக்குத்தான் ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார், நடுவில் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தது நானேதான் என்றேன். குழுச் செயலாளர் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடம், தொலைக்காட்சி, கட்டடம், பெயர்ப்பலகை எல்லாம் அவர்களோடு. இயக்குநர் நாற்காலியும் அவர்களோடு. கடித அறையை எனக்கு விட்டுவிட்டார்கள். மூடுகிற அறைதானே, யாரும் சண்டை போடவில்லை. விழா மேடையில் எனக்கு இடமில்லை. ரப்பர் முத்திரையைத் தபாலம்மா கத்தரிக்கோலால் மூன்று துண்டாக்கிவிட்டார். ஆறு பேரில் நாலு பேர் தொலைக்காட்சிப் பக்கம் போய்விட்டார்கள். நானும் அந்த அம்மாவும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு அறுபது கடிதம் முடிக்கிறோம். நானூறு வருகிறது. மீதி மூட்டையில் ஏறிக்கொண்டே இருக்கிறது. கண் எரிகிறது, விரல் மரத்துப்போகிறது. செய்தது சரியா என்று சில சமயம் கலங்குகிறேன். ஆனால் மேடையில் தூங்கினவனுக்கு இப்போது கடிதத்தின் முன்னால் தூக்கம் வருவதில்லை.

மார்க் போடு.

உன் தம்பி


அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. இனி உள்ளதை எழுதுகிறேன். இடுப்பு வலி. அரைகுறைத் தூக்கம். உன் அத்தானுக்குப் புண் ஆறிவிட்டது. நர்ஸ் தம்பி ஒழுங்காக வருகிறார், வாய்தான் கொஞ்சம் அதிகம்.

நேற்று நர்ஸ் வருவதற்கு முன்னால் உன் அத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிட்டார். வேண்டாம் என்றார். என் கை எழுந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே போய் நின்றேன். வாயில் வசவுதான் வந்தது, அதையே ஆண்டவரிடம் சொன்னேன். வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்து தரையைத் துடைத்தேன். நாளைக்கு எப்படியோ தெரியாது. இதைச் சாட்சி என்று எங்கேயும் அச்சடித்துவிடாதே.

உன் வரிக்கு மார்க் போடவில்லை. ஒரு வருஷம் செய், அப்புறம் பார்க்கலாம்.

சமையலறை மேசையை உன் அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் தூங்கும்போது எனக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. நீ மூட்டை மூட்டையாய் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டாம். தினம் ஆறு கடிதம் எனக்கு அனுப்பு. அந்தத் 'தேர்வு' கட்டிலிருந்தே எடுத்து அனுப்பு. பழையதிலிருந்து தொடங்கு. என்னை மாதிரி இன்னும் யாராவது அதில் கிடப்பார்கள்.

அக்கா